நமது கதையை யார் சொல்வது?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் அலுவலகப் படியேறும்போது முதலில் அதன் கைக்கு வருவது ஒரு படிவம். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர் தொகை, கிராம உத்தியோகத்தர் பிரிவு, இழந்த காணியின் அளவு, உறுதியா அனுமதிப்பத்திரமா என்ற கேள்வி. ஐந்தாறு கோடுகளில் விடை எழுதி ஒப்பமிட்டால் வேலை முடிந்தது.

வீடு திரும்பிய பின் அதே குடும்பத்துப் பெரியவர் பேரப்பிள்ளைக்குச் சொல்லும் கதை வேறு. எந்த வயலில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த மிளகுக் கொடியை யார் நட்டார், எந்த வருடம் பன்றி வந்து சேனையை அழித்தது என்று அது நீண்டு செல்லும். இரண்டும் ஒரே குடும்பத்தின் கதைதான். ஆனால் படிவத்தில் அவர் ஒரு 'பாதிக்கப்பட்டவர்'. பேரப்பிள்ளையிடம் அவர் ஒரு விவசாயி.

மாத்தளை மாவட்டத்தில் மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக எழுந்து போன குடும்பங்கள் உள்ளன. பழைய லக்கல நகரமே நீருக்கடியில் போயிற்று. தோட்டக்காணிகள் பிரிக்கப்பட்டபோது வெளியேறியவர்களும், கலவரத்துக்கு அஞ்சி ஓடியவர்களும், மண்சரிவு அபாயம் என்று எழுப்பப்பட்டவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். எல்லோரும் தம் கதையைப் பலமுறை, பலரிடம் சொல்ல நேர்ந்தவர்கள். அப்படிச் சொல்லும் விதம் நம்மையே எப்படி மாற்றுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஒரு வாழ்க்கை, பல வடிவங்கள்

நாம் கதை சொல்லும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கேட்பவர் உண்டு. படிவத்தைக் கேட்பவர் அதிகாரி. அவருக்கு எண்களும் திகதிகளும் வேண்டும். மனுவைக் கேட்பவர் உதவக்கூடியவர். ஆகவே மனுவில் நாம் தாழ்மையாகப் பேசுகிறோம், குறையையே முன்வைக்கிறோம். ஒப்பாரியைக் கேட்பவர்கள் உறவினர். அதில் கோபமும் வசையும் கூட இடம்பெறலாம். தாலாட்டைக் கேட்பது குழந்தை. அதில் மாமன்மார் சீர் கொண்டு வருவார்கள், வறுமை சற்று ஒதுங்கி நிற்கும்.

இவற்றில் எதுவும் பொய் அல்ல. ஆனால் எந்த வடிவத்தில் அதிகம் பேசுகிறோமோ, அந்த வடிவத்தின் ஆளாகவே நாம் மெல்ல மெல்ல நம்மை எண்ணத் தொடங்குகிறோம். பத்து வருடம் மனு மட்டுமே எழுதிய குடும்பத்தில் பிள்ளைகள் தம்மைக் கேட்டு வாங்குபவர்களாக மட்டுமே அறிந்து வளர்வார்கள்.

துண்டிலிருந்து விண்ணப்பம் வரை

இதற்கு நமது மாவட்டத்து வரலாறே சாட்சி. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் பிறர் எழுதியவை. பெரிய கங்காணியின் கடன் கணக்கு ஒன்று. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவதாகச் சொன்ன 'துண்டு' இன்னொன்று. 1921 இல் அது சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1911 குடிசன மதிப்பீடு அவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணியது.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மணமானவர் 1946 ஜனவரி 1 க்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் வாழ்க்கைக் கதையைக் கடதாசியில் நிரூபிக்க வேண்டியதாயிற்று. சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

அந்த விண்ணப்பத்தில் காடு வெட்டியதற்கு ஒரு கோடு இல்லை. பிள்ளையை அடக்கம் செய்த மண் எது என்ற கேள்வியும் இல்லை. பிறப்புச் சான்றும் தோட்டப் பதிவும் வைத்திருந்தவரின் கதை நம்பப்பட்டது. வைத்திராதவரின் கதை, உண்மையாக இருந்தும், கதையாகவே போனது. பின்பு 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்தது 2003 இன் சட்டமே.

பாட்டும் கதையும் செய்த வேலை

கடதாசி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் மக்கள் இன்னொரு கணக்கை வைத்திருந்தார்கள். கங்காணியை ஏசியும், நடந்து வந்த வழியை நினைத்தும், கொழுந்து மலையில் பாடினார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பாடியதால் எந்த மனுவிலும் எழுத முடியாததைப் பாட்டில் சொல்ல முடிந்தது. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாடியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அழிந்து போயின. பாடல்கள் நிலைத்தன.

அடுத்த தலைமுறையினர் சிறுகதையும் நாவலும் நாடகமும் எழுதினார்கள். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று தம் பெயருக்கு முன்னே ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டவர்கள் நம் மாவட்டத்தில் பலர். இது வெறும் அலங்காரம் அல்ல. இந்த ஊருக்கு நீ உரியவன் அல்ல என்று சட்டம் சொன்ன மக்களிடையே, 'நான் இந்த ஊரான்' என்று ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் எழுதி வைத்தது போன்றது. 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சுக்கும், 'இந்தியத் தமிழர்' என்ற பதிவுக்கும் எதிரே 'மலையகத் தமிழர்' என்ற பெயர் இவ்வாறு எழுத்திலும் பேச்சிலும் ஊன்றியது. 2023 இல், வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து வந்தார்கள். முன்னோரின் கதையைக் கால்களால் மீண்டும் சொன்னார்கள் எனலாம். 2024 குடிசன மதிப்பீட்டில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் இடம்பெற்றது. மக்கள் தாமே தமக்கு இட்ட பெயர் கடைசியில் படிவத்திற்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1992 இல் வெளிவந்த 'கருக்கு' நூலில் பாமா என்ற தலித் கிறிஸ்தவப் பெண், தன் வாழ்க்கையைத் தன் கிராமத்துப் பேச்சிலேயே எழுதினார். புத்தகத் தமிழ் தெரியாதவர் கதை எழுதக் கூடாது என்ற எண்ணத்தை அது அசைத்தது.

நாம் செய்த தவறு

நாமும் இதில் தவறியிருக்கிறோம். ஒரு கிராமத்தாருக்காக மனுக்கள் எழுதிக் கொடுத்தபோது எல்லாவற்றையும் 'மிகவும் வறிய நிலையில் வாழும்' என்றே தொடங்கினோம். எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஒரு தாய் சொன்னார்: "எல்லாம் சரிதாங்க ஐயா. ஆனா நாங்க வருசத்துக்கு ரெண்டு போகம் வெளைய வச்சவங்க. அத எங்கயும் போடலையே?" அந்த வரியைச் சேர்க்கப் போனபோதுதான், பயிர் இழப்பு என்ற கோரிக்கையே எங்கள் மனுக்களில் விடுபட்டிருந்தது தெரிந்தது. ஏழை என்று எழுதும் அவசரத்தில் விவசாயி என்பதை மறந்துவிட்டோம். கண்ணீர்க் கதைகளையே கேட்டுப் பழகிய நம் போன்ற நிறுவனங்களும் சஞ்சிகைகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்?

1. மனுவை மனுவாகவே எழுதுங்கள். திகதி, அளவு, இலக்கம், கோரிக்கை ஆகியன தெளிவாக இருக்கட்டும். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

2. வீட்டில் ஒரு அப்பியாசக் கொப்பியைக் குடும்பக் கதைக்கென ஒதுக்குங்கள். பெரியவர் சொல்லட்டும், பிள்ளை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதட்டும். திருத்த வேண்டாம்.

3. நடந்த துன்பத்தோடு, செய்த வேலையையும் எழுதுங்கள். வயல்களின் பெயர், வாய்க்கால் முறை, விதை நெல்லின் இனம், எல்லையில் நின்ற மரம், பக்கத்துக் காணிக்காரரின் பெயர் அனைத்தும் வேண்டும். காணிப் பிணக்கு வரும் நாளில் இவையே நினைவுக்கு உதவும்.

4. பெண்களின் கதையைத் தனியாகக் கேளுங்கள். ஆண்களின் கதை காணியில் தொடங்கும். பெண்களின் கதை கிணற்றிலோ, தாய் வீட்டிலோ தொடங்கலாம்.

5. அயலவர் சிங்களவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால், அவர்களுடன் கைமாறிய உதவியையும், ஏற்பட்ட சண்டையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

6. சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டாம். யார் கேட்டாலும், எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே வெளியிடுவீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

புதிய இடத்தில் பிறந்த பிள்ளை பழைய வயலைக் கண்டதில்லை. சிலருக்கு அது இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் கைக்கு நட்டஈட்டுக் கடிதத்தின் பிரதி ஒன்று எப்படியும் வந்து சேரும். அதனோடு அந்தக் கொப்பியும் சேர வேண்டும். இந்தப் போகம் முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாதத்தில் முதல் பக்கத்தை எழுதிவிடலாம்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

• உங்கள் குடும்பத்தைப் பற்றி அலுவலகக் கடிதங்களில் உள்ள சொற்கள் எவை? அவற்றில் நீங்கள் ஏற்பவை எவை, ஏற்காதவை எவை?

• உங்கள் ஊரில் பாடப்பட்டு, இப்போது மறந்து போகும் பாடல்கள் யாருக்குத் தெரியும்?

• கடைசியாக எழுதிய மனுவில் விடுபட்டுப்போன ஒரு விடயம் எது?