4 நிமிடம், 37 விநாடி!
நூலிழையில் தப்பிய டெக்சாஸ்

அமெரிக்காவில் பணக்கார மாநிலங்களில் ஒன்று டெக்சாஸ். பூமிக்கு அடியில் எண்ணெய், எரிவாயு. அங்கே மின்சாரத்துக்குப் பஞ்சம் வருமா?

வந்தது! 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், கடுங்குளிரில் வந்தது.

டெக்சாஸ், வெயிலுக்குப் பேர்போன இடம். அந்தப் பிப்ரவரியில் வடக்கே இருந்து வீசிய பனிக்காற்று மாநிலத்தையே மூடியது. டல்லாஸ் நகரில் பூஜ்யத்துக்கும் கீழே 19 டிகிரி சென்டிகிரேடு குளிர்! தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன.

வீட்டுக்கு வீடு மின்சாரக் கணப்பைப் போட்டார்கள். தேவை ஏறியது. அதே நேரத்தில், மின்சார நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

பாரம் தாங்காத வண்டி

மின்சாரம், நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கும் பொருள் அல்ல. பேட்டரிகளில் ஓரளவு சேமிக்கலாம். மற்றபடி, செலவாகும் அளவுக்கு அந்த விநாடியே உற்பத்தியாக வேண்டும்.

செலவு மிஞ்சினால் என்ன ஆகும்? மேட்டில் பாரம் இழுக்கும் மாடுபோல, உற்பத்தி யந்திரங்களின் வேகம் குறையும். அமெரிக்க மின்சாரத்தின் துடிப்பு விநாடிக்கு 60. (நம் நாட்டில் 50.) அது குறைந்தால் ஆபத்து!

பிப்ரவரி 15-ந் தேதி. நள்ளிரவு தாண்டி மணி ஏறக்குறைய 1-50. துடிப்பு 59.4-க்கும் கீழே இறங்கியது. அப்படியே 9 நிமிடம் நீடித்தால், பல யந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். பிறகு மாநிலம் முழுவதும் இருட்டு! மீண்டும் உயிர் கொடுக்க வாரக் கணக்கில் ஆகலாம்.

டெய்லர் என்ற ஊரில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து அவசர உத்தரவுகள் பறந்தன. "வெட்டுங்கள்! இன்னும் வெட்டுங்கள்!" என்பதே அவற்றின் சாரம். ஊர் ஊராக மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 4 நிமிடம் 23 விநாடியில் துடிப்பு மேலே ஏறியது.

மிச்சம் இருந்தது 4 நிமிடம், 37 விநாடிதான்!

246 உயிர்கள்

மின் அமைப்பு பிழைத்தது. மக்கள் பட்ட பாடு பெரிது. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இருண்டன. பல வீடுகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. சிலர் வீட்டுக்குள்ளேயே கரி அடுப்பு மூட்டினார்கள். அந்த விஷப் புகையும் உயிர் குடித்தது. அரசாங்கக் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். குளிர் தாங்காமல் மாண்டவர்களே அதிகம்.

ஏன் இந்தக் கதி?

காற்றாலை, நிலக்கரி, அணு நிலையம் எதுவுமே முழுவதும் தப்பவில்லை. அதிகமாகக் கைவிட்டது எரிவாயு. கிணறுகளிலும் குழாய்களிலும் பனி உறைந்து அடைத்தது. எரிவாயுவைத் தள்ளும் பம்புகள் சிலவற்றுக்கு மின்சாரமும் வெட்டப்பட்டது! எரிவாயு இல்லாமல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் எரிவாயு இல்லை. ஒன்று மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

பக்கத்து மாநிலங்களிடம் கேட்கலாமே? டெக்சாஸின் மின் அமைப்பு தனிக் குடித்தனம். வெளியே இருந்து வாங்கும் கம்பிகள் மிகக் குறைவு.

அதே மாநிலத்தில் உள்ள எல் பாசோ நகரம் தப்பியது! அது மேற்கு மாநிலங்களின் மின் அமைப்போடு சேர்ந்தது. அதோடு, 2011-ம் ஆண்டுக் குளிரில் அடிபட்டபின், யந்திரங்களைப் பனி தாக்காதபடி பாதுகாத்திருந்தது. மற்றவர்களுக்கும் அப்போதே எச்சரிக்கை வந்தது. பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு?

2021-ல் சட்டம் வந்தது. மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்வது கட்டாயம் ஆயிற்று. 2022 டிசம்பரில் மீண்டும் கடுங்குளிர் தாக்கியது. இந்தத் தடவை, மின்சாரம் போதாமல் ஊர் ஊராக வெட்டும் நிலை வரவில்லை.

குழாய்க்குப் பனி தாங்கும் உறை. யந்திரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். இதெல்லாம் வெயில் நாளில் வீண் செலவாகத் தோன்றும். குளிர் வந்தபின் செய்ய நேரம் இருக்காது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். குளிருக்கும் அதுதான் விதி!