கொழுப்பை எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்?

1992-இல் அமெரிக்காவின் நபிஸ்கோ நிறுவனம் 'ஸ்நாக்வெல்ஸ்' என்ற பிஸ்கட் வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொழுப்பில்லாத சாக்லேட் கேக் பிஸ்கட்டுதான் அதில் பெயர் பெற்றது. கொழுப்பைக் குறையுங்கள் என்று அந்நாட்டு செனட் குழு ஒன்று 1977-லேயே சொல்லியிருந்தது. அந்தப் பேச்சு ஊறிப்போயிருந்த மக்கள், கொழுப்பில்லை என்றால் எத்தனை தின்றாலும் பாதகமில்லை என்று தின்றார்கள். அந்தப் பழக்கத்துக்கே பின்னாளில் 'ஸ்நாக்வெல் விளைவு' என்று பெயர் வந்தது. கொழுப்பு போன இடத்தைச் சர்க்கரையும் மாவும் நிரப்பியிருந்தன.

இது ஒரு பிஸ்கட்டின் கதை மட்டுமல்ல. 1 கிராம் கொழுப்பில் 9 கலோரி, சர்க்கரையில் 4 கலோரி. ஆகவே கொழுப்பை எடுத்தால் லாபம்போலத் தோன்றும். ஆனால் மணமும் மென்மையும் கொழுப்போடு போய்விடும். அவற்றை ஈடுகட்டச் சர்க்கரை, ஸ்டார்ச், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். மிச்சமாகும் கலோரி பல சமயம் சொற்பம்தான்.

கொழுப்பைக் குறைத்தாலே இதயம் தப்புமா என்பதையும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைச் சராசரியாக 8 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்துக் காய், பழம், தானியத்தைக் கூட்டிய பிரிவினருக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. இலக்கு வைத்த அளவுக்கு அவர்களால் கொழுப்பைக் குறைக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எந்தக் கொழுப்பு போகிறது, பதிலுக்கு எது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெய், வெண்ணெய், பாமாயிலைக் குறைத்து அந்த இடத்தில் கடலை, மீன், நல்லெண்ணெய் வந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும். மைதாவும் சர்க்கரையும் வந்தால் டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். நம் சாப்பாட்டில் ஏற்கெனவே பாதிக்கு மேல் கலோரி அரிசி, மாவு, சர்க்கரையிலிருந்துதான் வருகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிப் பேர். இந்த உடம்புகளுக்கு 'லோ ஃபேட்' பிஸ்கட் எந்த வகையிலும் பத்தியமல்ல.

100 கிராமில் கொழுப்பு 3 கிராமுக்கு மேல் போகாத திடப்பொருளுக்கு 'லோ ஃபேட்' என்று போட்டுக்கொள்ள நம் விதி இடம் தருகிறது. அந்தச் சொல் உறுதி சொல்வது கொழுப்பைப் பற்றி மட்டுமே. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளதுதான் முதலில் வரும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 4, 5 கிராம் பால் சர்க்கரை இயல்பாகவே உண்டு. பழச்சுவைத் தயிரில் அதற்கு மேல் இருப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து போட்டது. கடலை எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருப்பதற்கும் மயங்க வேண்டாம். எந்தச் செடியின் எண்ணெயிலும் அது சொல்லும்படி இருந்ததில்லை.

வெண்ணெய் எடுத்த மோரையோ 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலையோ இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றில் கொழுப்புக்குப் பதிலாக எதுவும் இனிப்பாக நுழையவில்லை. பெரியவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும், மருத்துவர் சொன்னாலொழியக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுக்காதீர்கள். வேகமாக வளரும் மூளைக்கு அந்தக் கொழுப்பு தேவை.