வெந்நீர் காப்பாற்றிய துப்பாக்கிகள்

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, அதன் கிடங்குகளில் அடுக்கிக் கிடந்த மொசின்-நாகான் துப்பாக்கிகள் பெட்டி பெட்டியாக அமெரிக்கச் சந்தையில் வந்து இறங்கின. 1891இல் ஜாரின் படைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. இரண்டு உலகப் போர்களிலும் தோளேறியது. சுமார் 3 கோடியே 70 லட்சம் செய்யப்பட்டதாகக் கணக்கு. அத்தனை மலிந்து கிடந்ததால் 100 டாலருக்கும் குறைவாகவே ஒன்றை வாங்கிவிட முடிந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்த்துச் செப்பனிடும் பித்து அங்கே பலருக்கு இந்தப் பெட்டிகளிலிருந்துதான் பிடித்தது. உரிமச் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை எனலாம். ஆனால் அதன் வேதியியலை ரசிக்க உரிமம் தேவையில்லை.

பெட்டியைத் திறந்ததும் கையில் ஒட்டுவது பழுப்பு நிற மசகு. எந்த நாட்டு மசகானாலும் சேகரிப்பாளர்கள் அதைக் காஸ்மோலின் என்றே சொல்வார்கள். பெட்ரோலிய மெழுகு வகை. பல பத்தாண்டுகளில் அதிலுள்ள இலேசான எண்ணெய்கள் ஆவியாகிப்போக, மெழுகு மட்டும் இறுகி நிற்கும். ஐம்பது டிகிரி வெப்பத்தை ஒட்டி உருகிவிடும் என்பதால், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோடை வெயிலில் வைத்தாலே வழிந்துவிடும். இதில் பெரிய சூட்சுமம் ஏதுமில்லை.

சூட்சுமம் குழலுக்குள் இருக்கிறது. மசகைத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சில குழல்கள் கண்ணாடிபோலப் பளபளக்கும். சுருள் பள்ளங்களின் விளிம்புகூடக் கூர்மையாகத் தெரியும். வேறு சில, அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் குழி குழியாகக் கிடக்கும். ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே எஃகு. இரண்டுக்கும் எண்ணெய் போட்டுத்தான் வைத்தார்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்வி நூறாண்டுக்கு முன்பே துப்பாக்கி வல்லுநர்களைக் குழப்பியது. கரிமருந்து காலத்தில் சுட்டு முடித்ததும் குழல் முழுக்கக் கரி அப்பியிருக்கும். அதைக் கழுவத் தண்ணீரைவிட நல்லது கிடையாது; எனவே எல்லோரும் கழுவினார்கள். 1880களில் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து வந்தது. சுட்ட பின்னும் குழல் சுத்தமாகவே தெரிந்ததால் இனி நீர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எண்ணெய் தோய்த்த துணியை இழுத்து, பளபளப்பைப் பார்த்துத் திருப்தியோடு மூடி வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே செந்நிறம். மறுபடி துடைத்து எண்ணெய் போட்டாலும் மறுபடி துரு. இரும்பின் நுண்துளைகளில் அமிலம் புகுந்து, பிறகு வியர்வைபோல வெளிவருகிறது என்று ஒரு விளக்கம் உலவியது. பழி முழுவதும் புதிய வெடிமருந்தின் தலையில் விழுந்தது.

உண்மைக் குற்றவாளி தோட்டாவின் அடியில், பிரைமர் எனும் சின்னஞ்சிறு கிண்ணத்தில் இருந்தான். துப்பாக்கியின் ஊசி முனை வந்து இடித்ததும் பொறி தட்டி, வெடிமருந்தைப் பற்றவைப்பது அதன் வேலை. அக்காலப் பிரைமர் கலவையில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். சிவகாசித் தீக்குச்சியின் தலையிலும் இருப்பது அதுதான். எரியும்போது தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு அது பொட்டாசியம் குளோரைடாக மாறும். சமையல் உப்பின் நெருங்கிய உறவு. அந்த உப்பு கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகக் குழல் முழுதும் படியும். கரிமருந்துக் காலத்திலும் இதே உப்பு உண்டு. ஆனால் கரியோடு கலந்து நீர்த்துப்போய், கழுவும்போது கரியோடு சேர்ந்து ஓடிவிட்டது. 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை நிறுவியது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நடக்கும் அரிப்பு என்பதே அந்த அறிக்கையின் தலைப்பு.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் 84 சதவீதத்தை ஒட்டி ஏறினால் பொட்டாசியம் குளோரைடும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். எஃகின் மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடு காப்பைக் குளோரைடு அயனிகள் உடைக்கும். உடைந்த இடத்தில் குழி விழும். குழிக்குள் இரும்புக் குளோரைடு உண்டாகி, நீரோடு சேர்ந்து அமிலத்தைப் பிறப்பிக்கும். அந்த அமிலம் மேலும் இரும்பைத் தின்னும். ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் நோய் இது. மேலே பூசிய எண்ணெய் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. உப்பு எண்ணெயில் கரையாது. ஈரமும் ஆக்சிஜனும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை மெதுவாக ஊடுருவிவிடும். உப்பின் மேல் போர்வை போர்த்தியதுதான் மிச்சம்.

ஆகவே மருந்து வெந்நீர். பிரிட்டிஷ் ராணுவம் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளுக்கென்றே ஒரு புனலை வைத்திருந்தது. கொதிநீரைப் புனல் வழியே குழலுக்குள் ஊற்றுவார்கள். உப்பு கரைந்தோடும், சூடேறிய எஃகு தன் வெப்பத்திலேயே உலர்ந்துவிடும். அதன் பிறகுதான் எண்ணெய். அதிலும் ஒரு காலத்தில் பெயர்பெற்றது பர்மாவின் பூமிக்கடியிலிருந்து வந்த ரங்கூன் எண்ணெய். அந்தத் துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பின்புறம் உள்ள பித்தளை மூடியைத் திறந்தால் ஒரு குட்டி எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கும் கயிறும் இருக்கும். இந்தியக் காவலர் தோளில் அண்மைக்காலம் வரை தொங்கிய .303களிலும் அந்த மூடியைக் காணலாம். இன்றைக்கும் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பீய்ச்சினால்தான் உப்பு செயலிழக்கும் என்று சத்தியம் செய்யும் சேகரிப்பாளர்கள் உண்டு. அமோனியாவுக்கு இதில் பங்கே இல்லை. வேலை செய்வது புட்டியில் பெரும்பகுதியாக உள்ள வெறும் தண்ணீர்.

ஜெர்மானியர்கள் 1920களின் இறுதியில் உப்பு விடாத பிரைமரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ராணுவங்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடவில்லை. பழைய கலவை எத்தனை ஆண்டு கிடங்கில் கிடந்தாலும், கடுங்குளிரிலும் தவறாமல் வெடித்தது. போர்முனையில் துரு பிடிப்பதைவிட வெடிக்காமல் போவது பெரிய ஆபத்து அல்லவா. அதனால் 1950களுக்குப் பிறகும் சோவியத் தோட்டாக்களில் உப்பு தொடர்ந்தது. தகர டப்பாவில் வந்த பழைய தோட்டா எந்த ரகம் என்று ஐயமிருந்தால், ரவையையும் மருந்தையும் நீக்கிவிட்டுப் பிரைமரை மட்டும் ஒரு பளபளப்பான எஃகுத் துண்டின் மேல் வெடித்து, ஈரமான இடத்தில் வைத்துவிடுவார்கள். ஓரிரு நாளில் எஃகே பதில் சொல்லும்.

இனி வெளிப்புறம். பழைய துப்பாக்கியின் கருநீல மினுமினுப்பைச் சாயம் என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் துருதான். பழைய முறையில் எஃகை மாசறத் துடைத்து, அமிலக் கரைசல் பூசி, ஈரமான அறையில் வைத்து வேண்டுமென்றே செந்துரு பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் அமிழ்த்துவார்கள். சில நிமிடங்களில் சிவப்பு மறைந்து கறுப்பாகும். பொருபொருவென்ற செந்துரு, எஃகோடு இறுகப் பற்றும் மேக்னடைட் எனும் கறுப்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. மேலே ஒட்டிய தூளைத் தேய்த்தெடுத்து, மீண்டும் துரு, மீண்டும் கொதிநீர். பல சுற்றுக்குப் பின்னும் அந்தப் படலம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். தனியாக அது பெரிய காப்பும் அல்ல. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் பலம். இலேசாகத் துருவேறிய பழைய பாகத்தைச் சுரண்டாமல் கொதிக்க வைத்தே கறுப்பாக்கிவிடும் பொறுமைசாலிகளைக் கண்டால் எனக்கு மரியாதை கூடுகிறது. அழிக்க வேண்டிய துருவையே அவர்கள் காவலாக மாற்றிவிடுகிறார்கள்.

மரக்கட்டையிலும் நீருக்கு ஒரு வேலை உண்டு. அடிபட்டு அமுங்கிய இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், நசுங்கிய நார்கள் நீராவியில் இளகி உப்பி எழும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவரோ பள்ளத்தோடு ஆலை முத்திரையையும் சேர்த்தே அழித்துவிடுவார். முடிவில் ஆளிவிதை எண்ணெய். அது உலர்வதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். பட்டறை எரிந்த கதைகள் சில இப்படி நடந்தவை.

மொசினில் மட்டும் இந்த ஈரத்துணி வித்தை பலிக்காது. போருக்குப் பின் சோவியத் ஆலைகள் இந்தத் துப்பாக்கிகளைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, வேறு துப்பாக்கியின் பாகங்களில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண் பொறித்து, கட்டை முழுக்க ஷெல்லாக் பூசிக் கிடங்கில் வைத்தன. ஷெல்லாக் என்பது அரக்குப் பூச்சியின் சுரப்பு. ஈரம் பட்டால் வெளுத்துவிடும், சூடு பட்டால் இளகிவிடும். நேர்த்தி பார்க்காமல் அவசரத்தில் பூசிய அந்தச் செம்பழுப்புப் பூச்சு, வழிந்த கோடுகளோடு உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு மரத்தை மெருகேற்றியவர்கள் முன்பு ஏராளம். இப்போது அந்த வழிசல் பூச்சு அப்படியே இருக்கும் துப்பாக்கிக்குத்தான் கூடுதல் விலை. ஆலைக்காரர்கள் செய்த அவசர வேலைக்கும் வயதாகிவிட்டது. அதையும் அசல் என்றே கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.