உள்ளங்காலில் தோன்றும் ஆணியும் மருவும்

கப்பலூரைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் பாடுபடும் உழவருக்கும், அருகிலுள்ள நிலையூர்க் கைத்தறி நகரில் தறியில் அமரும் நெசவாளருக்கும் பொதுவான மூலதனம் ஒன்று உண்டு. அது எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அவர்களுடைய இரு கால்களே அம்மூலதனம். ஓர் அங்குலத்திற்கு 60 ஊடை வீதம் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு சேலையை நெய்து முடிக்க ஏறக்குறைய 13,000 முறை மிதிப்பலகையை அழுத்த வேண்டும். இரண்டு மிதி மாறி மாறி வரும் சாதாரண நெசவில் ஒரு காலுக்கு 6,500 மிதி ஆகிறது. அந்தக் காலின் அடியில் ஒரு மிளகளவு முடிச்சு எழுந்து வலிக்குமாயின், ஒரு சேலைக்கு அவ்வலி எத்தனை முறை வரும் என்பதை உறுப்பினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த முடிச்சை நம்மவர் ‘கால் ஆணி’ என்று ஒரே பெயரால் வழங்குகின்றனர். தொல்லையின் தொடக்கம் அப்பெயரிலேயே இருக்கிறது. ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு குறைகள் அடங்கியுள்ளன. ஒன்றுக்கு நல்லதான சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது. சில வேளைகளில் காலையே இழக்கச் செய்யும்.

முதலாவது, உண்மையான ஆணி. ஓரிடத்தில் ஓயாது அழுத்தமும் உராய்வும் ஏற்பட்டால் அவ்விடத்துத் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. பரந்து தடித்தால் அது காய்ப்பு. மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையில் இருப்பதும் அதுவே. அத்தடிப்பு ஒரு புள்ளியில் கூம்பு போல் உள்நோக்கி இறங்கினால் அது ஆணி. இது நோய்க்கிருமியால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று. மிதிப்பலகையின் கூரிய விளிம்பு, அளவு பொருந்தாத செருப்பு, எலும்பு சற்றுத் துருத்திய பாதம் ஆகியவையே இதன் காரணங்கள். காரணம் நீங்காதவரையில் எத்தனை முறை சீவினாலும் ஆணி திரும்ப வளரும்.

இரண்டாவது, உள்ளங்கால் மரு. கை முகங்களில் தோன்றும் அதே மருதான் இது; ஆனால் உடலின் பாரம் மேலிருந்து அழுத்துவதால் வெளியே முளைக்காமல் தோலுக்குள் அமுங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். மருவை அரைத்துக் கிருமிகளும் உயிரணுக்களும் புகாத வடிகட்டியில் வடித்து, அந்நீரைத் தோலில் செலுத்தினாலும் மரு உண்டாகிறது என்பதை இத்தாலிய மருத்துவர் சியூஃபோ 1907ஆம் ஆண்டிலேயே காட்டினார். வைரஸ் தோலில் புகுந்து மரு வெளிப்படச் சில வாரங்களும் ஆகலாம். ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஆதலால் எங்கே தொற்றியது என்று கண்டறிவது அரிது. ஈரத்தில் ஊறி மென்மையான தோலிலும், சிறு கீறலுள்ள தோலிலும் அது எளிதில் புகும். சாயப்பட்டறையின் நனைந்த தரை, பலர் வெறுங்காலுடன் நிற்கும் குளியல் தொட்டியடி, நாற்று நடும் வயல் ஆகிய இடங்களில் பாடுபடும் கால்கள் நாள்முழுதும் ஊறியவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, முள். வேலிக்காத்தான் என்னும் சீமைக் கருவேலின் முள் குத்தி, நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டால், அதைச் சுற்றித் தசை தடித்து ஆணி போன்றே தோன்றும். இதற்கு மருந்து பூசிப் பயனில்லை. முள்ளை எடுத்தாக வேண்டும்.

இவற்றை எவ்வாறு பிரித்தறிவது? வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. காலைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் ரேகை போலப் பாதத்திலும் ரேகைகள் ஓடுகின்றன அல்லவா? ஆணியிலும் காய்ப்பிலும் அந்த ரேகைகள் தடிப்பின் மேலேயே தொடர்ந்து செல்லும். மருவிலோ ரேகைகள் ஓரத்திலேயே நின்று விலகிப்போகும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரு பக்கமும் விரலால் கிள்ளினால் அதிகம் வலிக்கும். மேல்தோலை மெல்லத் தேய்த்துப் பார்த்தால் ஆணியின் நடுவில் கண்ணாடி போன்ற ஒரு பரு தெரியும். மருவிலோ எள்ளின் நுனியளவு கரும்புள்ளிகள் தெரியும்.

அக்கரும்புள்ளிகளை ‘வேர்’ என்று கருதி, வேரோடு பிடுங்கினால்தான் தீரும் என்று நம்புவோர் பலர். அவை வேர் அல்ல. மருவுக்குள் ஏறிவந்து இரத்தம் உறைந்துபோன நுண்ணிய நாளங்கள். மருவுக்கு வேரே கிடையாது. அது மேல்தோலோடு நின்றுவிடும் ஒன்று. வேரைத் தேடிப் பிளேடால் ஆழமாக அகழ்பவர், இல்லாத ஒன்றைத் தேடி இருக்கும் நல்ல தசையை வெட்டுகிறார். மருவினின்று கசியும் இரத்தம் பட்ட பிளேடு அடுத்த இடத்தைத் தொட்டால் அங்கும் ஒரு மரு தோன்றக்கூடும். முள்வாங்கியையும் இங்கே குறிப்பிட வேண்டும். வயலில் ஒருவர் இடுப்பிலிருக்கும் முள்வாங்கி பத்துப் பேர் காலுக்குப் போகிறது. அதனைப் பகிர்ந்துகொள்ளும் அன்பைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டு எடுத்தபின் பகிர்ந்துகொள்வதே நன்று.

இனி வீட்டு வைத்தியங்களைப் பார்ப்போம். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிடுவது முறையன்று. மருதாணியும் மஞ்சளும் அரைத்துக் கட்டுவதால் தீங்கு பெரிதாக இல்லை. கட்டியிருக்கும் ஈரத்தால் தடித்த தோல் ஊறிச் சிறிது மென்மையாகும். அம்மான் பச்சரிசியின் பாலைத் தடவுவோரும் உளர். இத்தகைய பாலில் எதுவும் கண்ணிற் படலாகாது. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு விளையலாம்; அவற்றைக் கையாளவே வேண்டா. சேராங்கொட்டையின் எண்ணெய் வண்ணார் துணியில் அழியாக் குறியிடப் பயன்பட்ட பொருள். தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது, மின்கல அமிலம் இடுவது ஆகியவை வைத்தியமல்ல. அவற்றால் மரு போனாலும் வடு நிற்கும். உள்ளங்காலில் வடு நின்றால் அதன்மேல்தான் ஆயுள் முழுதும் நடக்க வேண்டும்.

இத்தனை வகை மருந்துகளுக்கும் ‘எனக்குக் குணமாயிற்று’ என்று சாட்சி சொல்வோர் எவ்வாறு கிடைக்கின்றனர் என்ற வினா எழலாம். மரு பெரும்பாலும் தானே மறையும் தன்மையுடையது. உடலின் எதிர்ப்பாற்றல் ஒருநாள் வைரஸை அடையாளம் கண்டுகொண்டால் மரு உதிர்ந்துவிடும். சிறுவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஈராண்டுக்குள் மரு மறைந்துவிடுகிறது. பெரியவர்களுக்குக் காலம் கூடுதலாகும். மறையும் வாரத்தில் எது பூசப்பட்டிருந்ததோ அதற்குப் புகழ் சேர்கிறது. வைத்தீசுவரன் கோயிலில் உப்பும் மிளகும் செலுத்தி நேர்த்திக்கடன் தீர்ப்பவர்களை நாம் அறிவோம். அதனால் எவர் காலும் வெந்துபோனதில்லை; அவ்வகையில் சேராங்கொட்டையைவிட அது எவ்வளவோ மேல். மேல்நாட்டாரும் இதில் நமக்குச் சளைத்தவரல்லர். சரக்குப் பெட்டி ஒட்டும் நாடாவை மருவின்மேல் ஒட்டினால் குணமாகும் என்று அமெரிக்காவில் 2002இல் ஓர் ஆய்வு கூறிற்று. நெதர்லாந்தில் 103 சிறுவர்களிடம் அதனைச் சோதித்து 2006இல் வெளியிட்ட முடிவில், நாடா ஒட்டியவருள் 16 விழுக்காட்டினருக்கும் ஒட்டாதவருள் 6 விழுக்காட்டினருக்கும் குணம் கண்டது. அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று அவர்களே கூறிவிட்டனர்.

நன்கு சோதிக்கப்பட்ட வீட்டுச் சிகிச்சை ஒன்று உண்டெனில் அது சாலிசிலிக் அமிலமே. மருந்துக்கடையில் 17 விழுக்காடு கலந்த பூச்சு மருந்தாகவும், 40 விழுக்காடு கலந்த ஒட்டுப் பட்டையாகவும் அது கிடைக்கிறது. பயன்படுத்தும் முறை எளிது, பொறுமைதான் அரிது. இரவில் வேலை முடிந்தபின் வெதுவெதுப்பான நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைக்கவும். சொரசொரப்பான கல்லால் வெண்மையாக ஊறிய மேல்தோலை மட்டும், இரத்தம் வராமல் தேய்க்கவும். அந்தக் கல்லை வேறு இடத்துக்கோ வேறொருவருக்கோ பயன்படுத்தலாகாது. சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவி, மருவின்மேல் மட்டும் மருந்தை இட்டு உலரவிடவும். தோல் சிவந்து புண்ணானால் சில நாள் நிறுத்தி, ஆறியபின் தொடரவும். இவ்வாறு நாள்தோறும் பன்னிரண்டு வாரம் வரை செய்ய வேண்டும். பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுபவர்களே மிகுதி. ஆணிக்கும் இதே மருந்து தடித்த தோலைக் கரைக்கும். ஆனால் அழுத்தத்தை நீக்காமல் மருந்து மட்டும் இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும்.

மருத்துவமனையில் திரவ நைட்ரஜனால் மருவை உறையச் செய்வர். அதன் குளிர் சுழிக்குக் கீழ் 196 பாகை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பலமுறை செய்ய வேண்டியிருக்கும். வலியும் கொப்புளமும் உண்டு. விலை கூடிய சிகிச்சை என்பதாலேயே அது மேலானது என்று எண்ணிவிடலாகாது. பிரிட்டனில் உள்ளங்கால் மருவுடைய 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உறைவு முறையும் மறுபிரிவுக்கு 50 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் அளித்துப் பார்த்தனர். 2011இல் வெளிவந்த முடிவின்படி பன்னிரண்டு வாரத்தில் முழுதும் குணமடைந்தவர் இரு பிரிவிலும் 14 விழுக்காட்டினரே. உறைய வைப்பதற்காகக் கடன் வாங்க நினைப்பவர் இக்கணக்கை ஒருமுறை பார்ப்பது நன்று. பல மருக்கள் பரவி நிற்கும்போது எம்.எம்.ஆர். தடுப்பு மருந்தை மருவினுள் செலுத்தி உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறையையும் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் கையாளுகின்றனர். எதனைக் கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இதுவரை கூறிய வீட்டுச் சிகிச்சை யாவும் நல்ல உணர்ச்சியுள்ள கால்களுக்கு மட்டுமே உரியவை. நீரிழிவு உடையவரும், காலில் மரத்துப்போன உணர்ச்சி உடையவரும், இரத்த ஓட்டம் குறைந்தவரும் அமிலத்தையோ ஒட்டுப் பட்டையையோ பிளேடையோ தொடவே கூடாது. நான் தணிக்கைக்குச் செல்லும் சங்கமொன்றில் மூத்த நெசவாளர் ஒருவர் ஆண்டுதோறும் பேரவைக் கூட்டத்தில் முதல் வரிசையில் அமர்பவர். ஓராண்டு அவரைக் காணவில்லை. பெருவிரலடியில் இருந்த ஆணியைத் தாமே சீவிக்கொண்டு, மேலே ஆணிப் பட்டையும் ஒட்டித் தறியில் அமர்ந்திருக்கிறார். புண் எலும்புவரை சென்றபின்னரே வீட்டார் கண்டனர். விரலை எடுத்துவிட்டார்கள். நீரிழிவு அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. “வலிச்சிருந்தா விட்டிருப்பாரா, சார்? வலிக்கவே இல்லை” என்றார் அவர் மனைவி.

அவ்வம்மையார் கூறிய காரணத்தையே மருத்துவ உலகுக்குத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கால்களை ஆராய்ந்தார். அக்கால்களில் புண் உண்டாவது தசை தானே அழுகுவதால் அன்று, வலி தெரியாமல் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் மிதிப்பதால்தான் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பரால் ஆன செருப்பு அவ்வாராய்ச்சியின் வழியே பரவியது. இன்று நீரிழிவு உடையவருக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ‘எம்.சி.ஆர்.’ செருப்பு அதுதான்.

காலில் உணர்ச்சி உள்ளதா என்று அறியக் கருவி வேண்டா. கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, வீட்டார் ஒருவர் அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆட்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டையோ அதற்கு மேலோ அவர் உணரவில்லையெனில் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய கால். உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் உடலில் எங்கேனும் இருப்பின் அதனையும் மறைக்காமல் காட்ட வேண்டும். தொழுநோய் இன்று மாத்திரையால் முற்றும் குணமாகும் நோய். அதற்கான மருந்து அரசால் இலவசமாகவே வழங்கப்படுகிறது.

மற்றொரு குறிப்பும் உண்டு. உள்ளங்காலில் அகன்றுகொண்டே போகும் கரிய படையும், மாதக்கணக்கில் ஆறாமல் இரத்தம் கசியும் வளர்ச்சியும் மருவாக இராமல் புற்றாக இருத்தல் கூடும். இது அரிதே. எனினும் நம் போன்ற மாநிறத்தவருக்குத் தோலின் கரும்புற்று வந்தால் உள்ளங்காலே அதற்கு முக்கியமான இடம். அதன்மேல் எந்த மருந்தும் பூசிக் காலம் கடத்த வேண்டா.

சங்கங்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. மிதிப்பலகையின் விளிம்பை இழைத்து மழுக்கி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் செலவு ஒன்றுமில்லை. சாயப்பட்டறையில் ரப்பர்ச் செருப்பின்றி நிற்கலாகாது என்று நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொதுநன்மை நிதியிலிருந்து அச்செருப்புகளை வாங்கிக் கொடுக்கலாம். பேரவைக் கூட்ட நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்து நாற்பது வயதைக் கடந்தவர்களின் கால்களைப் பார்க்கச் செய்யலாம். கணக்கு வாசிக்கும் நேரத்தில் உறுப்பினர்கள் பொதுவாகக் காலை நீட்டித்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

கப்பலூர்ப் பகுதியினருக்குத் திருமங்கலம் அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. தோல் நோய்க்கெனத் தனிப் பிரிவு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் உண்டு. அரசு மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடும் என்பது உண்மையே. சென்று வருவது வீணாகாதிருக்க, நாள்தோறும் அணியும் செருப்பையே அணிந்து செல்லுங்கள், புதியது வேண்டா. தேய்ந்த இடத்தைப் பார்த்தே மருத்துவர் அழுத்தம் விழும் இடத்தை அறிவார். நெசவாளர் எந்தக் காலால், பாதத்தின் எப்பகுதியால் மிதிக்கிறார் என்பதையும், உழவர் முள் குத்திய நாளையும், யாவரும் இதுவரை பூசிய மருந்துகள் அனைத்தையும் ஒளிக்காமல் கூற வேண்டும்.