வெந்நீர் இறங்கும் குழாய்

மார்கழி விடியலில் வத்தல்மலைப் பக்கம் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியுமா? மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கிறீர்களா? அதிலிருந்து இறங்கும் குழாய் என்ன நிறம் என்று ஒருமுறை பாருங்களேன். வயலுக்குப் போடும் அதே சாம்பல் நிற பி.வி.சி. குழாயா? தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ஏறக்குறைய 60 டிகிரி சூட்டிலேயே அது இளகித் தொய்ந்துவிடும். நல்ல வெயில் நாளில் சோலார் தண்ணீர் அதையும் தாண்டிக் கொதிப்பாக வரும். வெந்நீருக்கென்றே இருப்பது சி.பி.வி.சி. குழாய். பெரும்பாலும் இளமஞ்சள் நிறத்தில் கிடைக்கும். அதே பி.வி.சி.யில் குளோரினைக் கூடுதலாகச் சேர்த்துச் செய்வதுதான். அந்தச் சேர்க்கையால் 90 டிகிரி வரை தாங்குகிறது. இதை ஒட்டும் பசையும் தனி. கடையில் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.