பொதுக் கட்டடங்களில் மின்சாரச் சிக்கனம்

கூட்டுறவின் முதற்பாடம் சிக்கனம் என்பது நம் உறுப்பினர் அனைவரும் அறிந்ததே. தறியில் இழை வீணாவதையும், வயலில் மடைநீர் வீணாவதையும் பொறாத நாம், பொதுக் கட்டடங்களில் வீணாகும் மின்சாரத்தைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. தாலுகா அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஊராட்சிக் கட்டடம், நமது சங்கக் கட்டடம் ஆகிய யாவும் பொதுப் பணத்தால் நடப்பவை. அவற்றின் மின் கட்டணம் முடிவில் நம் தலையிலேயே விழுகிறது.

கட்டணம் மட்டுமன்று. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கு வரும் மின்சாரம் நாடெங்கும் இணைந்த மின் தொகுப்பிலிருந்து வருவது. மேட்டூர் போன்ற அனல் நிலையங்களில் நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரமும் அதில் கலந்துள்ளது. இத்தொகுப்பிலிருந்து செலவாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு காற்றில் சேருகிறது. அவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதால் உலகின் சராசரி வெப்பநிலை உயர்ந்து வருகிறது.

இதனால் நமக்கு வரும் கேடு யாது? வெண்கூடு கட்டும் பட்டுப்புழு, வளர்ந்த பருவத்தில் 24, 25 டிகிரி வெப்பத்திலேயே செவ்வனே வளரும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,900 அடி உயரத்திலுள்ள ஓசூரின் குளிர்ச்சி இதற்கு ஏற்றது. மல்பெரி, பட்டுப்புழு இனங்களைப் பேணும் மையம் ஒன்றை மத்திய பட்டு வாரியம் இங்கு நடத்தி வருகிறது. வெப்பம் மிகுந்தால் கூட்டின் தரம் குறையும். கூட்டின் தரம் குறைந்தால் நூலின் தரமும் குறையும். ஆகவே, இது விவசாயி, நெசவாளி ஆகிய இருவர் பிழைப்பையும் தொடும் விஷயமாகும்.

இனி, ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் 20 மின்விசிறிகளும் 20 குழல் விளக்குகளும் உள்ளன என்று கொள்வோம். பழைய விசிறிக்கு 75 வாட்டும், பழைய குழல் விளக்குக்குச் சோக்குடன் 50 வாட்டும் செலவாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால், மொத்தச் செலவு 5,000 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறிக்கு 30 வாட்டும், எல்.இ.டி. குழல் விளக்குக்கு 20 வாட்டும் போதும். அவற்றை மாட்டினால் செலவு 2,000 யூனிட்டாகக் குறையும். மிச்சமாகும் 3,000 யூனிட்டால், ஏறத்தாழ 2,100 கிலோ கரியமில வாயு காற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது.

கூரைமேல் சூரிய மின் தகடுகள் அமைப்பதும் நன்றே. ஆனால் வரிசை முக்கியம். ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். மேற்கூறிய அலுவலகம் பழைய நிலையிலேயே இருந்தால் மூன்றரை கிலோவாட் வேண்டும். சிக்கனம் செய்த பின்னரோ ஒன்றரை கிலோவாட் போதும். ஓட்டைக் குடத்தை அடைத்த பிறகே நீர் மொள்ள வேண்டும் அன்றோ?

குளிர்சாதனப் பெட்டிகள் உள்ள அலுவலகங்களுக்கு மற்றொரு வழி உண்டு. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறி பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறே செய்யப்பட வேண்டுமென்று மத்திய அரசாங்கம் விதித்தது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது மின்சிக்கனத் துறையார் கணக்கு. ஓசூரின் தட்பவெப்பத்தில், காற்றோட்டமான ஜன்னல்களும் மரநிழலும் இருந்தால் ஆண்டின் பல மாதங்களில் இப்பெட்டியே வேண்டுவதில்லை.

சிறிய பொது ஸ்தாபனங்களால் இவையெல்லாம் ஆகுமா என்று ஐயுறுவோருக்கு, கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி விடை கூறும். தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்புக்கும் கட்டணம் ஏறிய காலத்தில், அவ்வூராட்சி 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில் நிறுவிற்று. செலவு 155 இலட்சம் ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்திற்கு விற்று வருமானமும் பெற்றது. சேமிப்பும் ஒற்றுமையும் கணக்கறிவுமே அதன் மூலதனம்.

நம் சங்கங்கள் உடனே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சென்ற பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதுகளை ஒன்றாகத் தொகுத்தல். இரண்டாவது, விளக்கு, விசிறி, மோட்டார் ஆகியவற்றை எண்ணி, ஒவ்வொன்றின் வாட் அளவையும் எழுதுதல். மூன்றாவது, அக்கணக்கைப் பொதுப் பேரவையில் படித்து, எதை முதலில் மாற்றுவது என்று தீர்மானித்தல். வரவு செலவைத் தணிக்கை செய்யும் நாம், மின்சாரத்தையும் தணிக்கை செய்வோமாக. மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் உறுப்பினர்க்கே உரியது. மிஞ்சும் ஒவ்வொரு யூனிட்டும் நம் மக்கள் வாழப்போகும் இம்மண்ணுக்கு உரியது.