டம்ளரின் வாய் வட்டமில்லை

1609 ஜூலை 26 இரவு. லண்டனுக்கு மேற்கே ஸயான் மாளிகையில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர், ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி ஒன்றை நிலாவின் பக்கம் திருப்பினார். கண்டதை ஒரு தாளில் வரைந்து தேதியும் போட்டு வைத்தார். தொலைநோக்கி வழியே பார்த்து வரைந்த நிலாப் படங்களில், தேதியோடு நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுதான் முதலாவது. கலிலியோ நிலாவை வரைய உட்கார்ந்தது நான்கு மாதம் கழித்து, நவம்பர் இறுதியில். ஆனாலும் நிலாவில் மலை இருக்கிறது என்று கண்டு சொன்னவர் கலிலியோதான்.

ஹாரியட்டின் படத்தில் ஒரு வட்டமும், வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கும் பிசிறான கோடும், சில கறைகளும் இருக்கின்றன. அந்தப் பிசிறு எதனால் வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய நண்பர் வில்லியம் லோயர் அடுத்த பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில், போன வாரம் தன் சமையல்காரர் செய்த பழ அப்பத்தைப் போல நிலா தெரிகிறது என்று குறிப்பிட்டார். பார்த்தது என்னவோ உண்மைதான். அங்கங்கே வெளிச்சம், அங்கங்கே கருமை, ஒன்றுக்கும் காரணம் புரியவில்லை.

கலிலியோவிடம் இருந்தது ஏறக்குறைய இருபது மடங்கு பெரிதாக்கும் கருவி; அந்த வசதியைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கலை வரலாற்றறிஞர் சாமுவேல் எட்ஜர்டன் இன்னொரு காரணத்தையும் எடுத்துக்காட்டினார். கலிலியோ இளமையில் ஃபிளாரன்ஸ் நகரில் ஓவியர்களோடு பழகியவர். தூரக் காட்சியையும் ஒளி நிழலையும் தாளில் கொண்டுவரும் முறையைக் கற்றவர். பழுப்பு மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் நிலாவை வரைந்தார். ஒரு பள்ளத்தின் எந்த ஓரத்தில் வெளிச்சம் விழும், எந்த ஓரம் நிழலில் கிடக்கும் என்பது அவர் கைக்கே தெரியும். இருட்டுப் பகுதிக்குள் தனியாக மின்னிய புள்ளிகளை, விடியலில் முதல் வெயில் படும் சிகரங்கள் என்று அடையாளம் கண்டார். ஒளியின் எல்லையிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் கொண்டு மலையின் உயரத்தையே கணக்கிட்டார். 1610 மார்ச்சில் அவர் புத்தகம் வெளியானது. அந்த ஜூலையில் ஹாரியட் மறுபடி நிலாவை வரைந்தபோது அதில் பள்ளங்கள் வட்ட வட்டமாக இருந்தன. அதற்குள் அவருடைய கருவி மேம்பட்டிருந்தது. கலிலியோவின் படங்களும் அவர் மனதில் இருந்தன.

வரைய ஆசைப்படுகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், பென்சில் சீவி வைத்திருக்கிறேன், எதை வரைவது என்றுதான் தெரியவில்லை." நல்ல காட்சி அமைய வேண்டும், மனதில் ஒரு பொறி தட்ட வேண்டும், அப்புறம் வரையலாம் என்று காத்திருக்கிறார்கள். எனக்கு இது தலைகீழ் வரிசையாகப் படுகிறது. வரைய உட்கார்ந்த பிறகுதான் கண் திறக்கிறது. கண் திறந்த பிறகுதான் வரைவதற்கு விஷயம் கிடைக்கிறது. ஆர்வத்தைப் பற்றிய ஆறுதல் வார்த்தையாக இதைச் சொல்லவில்லை. நம் பார்வை இயங்கும் விதமே அப்படித்தான்.

சமையலறையில் இருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் வையுங்கள். வரையச் சொன்னால் பெரும்பாலோர் வாயைக் கிட்டத்தட்ட வட்டமாகப் போடுவார்கள். அடியை ஒரு நேர்கோடாக இழுத்து முடிப்பார்கள். டம்ளரின் வாய் வட்டம், அடி மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் நமக்குத் தெரிந்த விஷயம். ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பது வேறு. வாய் நன்றாக அமுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அடி வாயைவிடக் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்கும். பென்சிலைக் கையில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்த்தால் நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆகும்.

1931-ல் ராபர்ட் தௌலஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்திருக்கிறார். சாய்த்து வைத்த வட்டத் தட்டைக் காட்டி, அது எந்த அளவு நீள்வட்டமாகத் தெரிகிறது என்று கேட்டார். விழித்திரையில் விழும் உருவத்தைவிட வட்டத்துக்கு நெருங்கிய வடிவத்தையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். மூளை கண்ணிலிருந்து வரும் உருவத்தை அப்படியே நமக்குக் கொடுப்பதில்லை. பொருளின் உண்மையான வடிவத்தின் பக்கம் இழுத்துத் திருத்திக் கொடுக்கிறது. டம்ளரை எடுத்துக் காபி குடிக்க அந்தத் திருத்தம் தேவை. வரைய உட்கார்ந்தால் அதுவே குறுக்கே நிற்கிறது.

இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள் டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இருவர். பார்த்ததை ஏன் பெரும்பாலோரால் வரைய முடிவதில்லை என்பது 1997-ல் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கை பழகாததா? எந்தக் கோட்டைப் போடுவது, எதை விடுவது என்ற முடிவில் கோளாறா? வரைந்த படத்தின் பிழை கண்ணுக்குப் படாததா? பொருளையே தப்பாகப் பார்ப்பதா? ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கைதான் காரணம் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கையின் பங்கு சொற்பம் என்று தெரிந்தது. முதன்மைக் காரணம் என்று அவர்கள் கண்டது, பொருளையே தப்பாகப் பார்ப்பதை. "எனக்குக் கை வராது" என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்கு டம்ளர் வரையவும் தெரியும்.

கோஹன் 2005-ல் செய்த இன்னோர் ஆய்வு நேரடியாகப் பயன்படக்கூடியது. பொருளையும் தாளையும் மாறி மாறி அடிக்கடி பார்க்கிறவர்களின் படம் துல்லியமாக இருந்தது. நீண்ட நேரம் பார்த்துவிட்டு, பிறகு குனிந்து மடமடவென்று வரைகிறவர்கள், பார்த்தது நினைவிலிருந்து நழுவியதும் தெரிந்ததை வைத்து நிரப்பிவிடுகிறார்கள். ஒரு சின்னக் கோட்டுக்கு ஒரு பார்வை என்று வைத்துக்கொண்டாலே படம் மாறும்.

அந்த டம்ளரை விட்டு நகர்வதற்கு முன் இன்னொன்று. எவர்சில்வர் என்றதும் வெள்ளி நிறம் என்று மனசு சொல்லும். உற்றுப் பாருங்கள், அதில் வெள்ளி நிறம் என்று தனியாக ஒன்றுமே இல்லை. ஜன்னல் ஒல்லியாக இழுபட்டு ஒரு வெண்கோடாக நிற்கிறது. பக்கத்தில் உங்கள் உருவம் கருப்புப் பட்டையாக விழுந்திருக்கிறது. கீழ்ப்பாதியில் மேஜையின் பழுப்பு ஏறியிருக்கிறது. கருப்பும் வெளுப்பும் சடாரென்று பக்கத்துப் பக்கத்தில் மாறுவதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். தினமும் இரண்டு வேளை கையில் எடுக்கிற பொருளில் இத்தனை நடக்கிறது. எதை வரைவது என்ற கேள்வி இந்த இடத்தில் தானாக உதிர்ந்துவிடும்.

கைப்பேசியில் மற்றவர்கள் வரைந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து உந்துதல் தேடுவது இப்போது எல்லோரிடமும் இருக்கும் வழக்கம். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் 1991-ல் பொறியியல் மாணவர்களிடம் சில பொருள்களை வடிவமைக்கச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று சிந்தாத காபிக் கோப்பை. ஒரு குழுவுக்கு மட்டும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அந்தக் குழுவினரின் வடிவங்களில் மாதிரியின் அம்சங்கள் திரும்பத் திரும்ப வந்தன, அதன் குறைகள் உட்பட. முந்திப் பார்த்த ஒன்று மூளையில் தடம் போட்டுவிட்டால் அதிலிருந்து விலகுவது கடினம்.

அதற்காக மற்றவர் படத்தையே பார்க்கக் கூடாதா? டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகேஷி ஒகாதா, கென்டாரோ இஷிபாஷியுடன் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. பழக்கமில்லாத பாணியில் அமைந்த ஓவியத்தைக் கையால் பிரதி எடுத்த மாணவர்கள், பிறகு சொந்தமாக வரைந்தபோது மற்றவர்களைவிடப் புதுமையாக வரைந்தார்கள். கையால் பிரதி எடுக்கும்போது அந்த ஓவியர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் நாமும் எடுத்தாக வேண்டும். பழைய ஆனந்த விகடனில் ஸில்பி வரைந்த கோயில் சிற்பம் ஒன்றைப் பார்த்து வரைய முயன்றால் புரியும். கல்லின் கனத்தை எந்தக் கோடு சுமக்கிறது, எந்த இடத்தில் அவர் கோடே போடாமல் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் புரட்டும்போது தட்டுப்படாது.

இனி, விடாமல் வரைவதைப் பற்றி. ஜப்பானிய ஓவியர் ஹொகுஸாய் 1842, 43 ஆண்டுகளில், எண்பது வயதைக் கடந்த நிலையில், காலைதோறும் ஒரு சிங்கம் வரைந்தார். தீமையை விரட்டும் நேர்த்தியாக அதை வைத்திருந்தார். ஒரு தாள், கொஞ்சம் மை, தேதி, ஒரு சிங்கம். சில நாள் சிங்கம் துள்ளும், சில நாள் தூங்கும், சில நாள் மனிதர் ஒருவர் சிங்க வேஷம் போட்டு ஆடுவார். இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்றைக்கு எதை வரைவது என்ற கேள்வியை அவர் ஒரே தடவையில் தீர்த்துவிட்டார். பொருள் முடிவாகிவிட்டதால் மனசு முழுவதும் எப்படி என்பதில் இறங்கியது.

நம் ஊரில் இதை வாசல்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள். தண்ணீர் தெளித்துப் பெருக்கிய வாசல் கண்ணில் பட்டதும் கை கோலமாவுக் கிண்ணத்துக்குப் போகிறது. இன்று மனநிலை சரியில்லை, பொறி தட்டவில்லை என்று யாரும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவதில்லை. புள்ளி வரிசை முடிவானதும் பாதி யோசனை முடிந்தது. சாயங்காலத்துக்குள் மிதிபட்டு அழியப்போவதால் கோணலாகிவிடுமோ என்ற பயமும் கிடையாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக்காட்டினார்கள். கைவிரலில் எண்ணக்கூடிய விதிகளிலிருந்து கோலங்கள் முடிவில்லாமல் பெருகும் என்பதை அந்த ஆய்வில் காணலாம். கட்டுப்பாடு கற்பனையை நெருக்கும் என்று அஞ்சுகிறவர்கள் மார்கழியில் ஒரு தெருவை நடந்து பார்க்கலாம்.

பழக்கம் எப்படிப் படிகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் என்று ஆளுக்கொரு புதுப் பழக்கம். ஒவ்வொன்றும் ஏற்கெனவே அன்றாடம் நடக்கும் ஏதோ ஒன்றோடு கட்டப்பட்டது. யோசிக்காமலே செய்யும் நிலை வர, வரிசையின் நடுவில் இருந்தவருக்கு 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும்; சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஊரெல்லாம் பேசும் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. மாறிய முகத்துக்குத் தன் நோயாளிகள் பழக ஆகும் காலத்தைத்தான் அவர் சொன்னார். அந்த 21 நாளை நம்பி, இருபத்திரண்டாம் நாள் சலிப்பு வந்ததும் தனக்கு ராசியில்லை என்று நோட்டை மூடியவர்கள் எத்தனை பேரோ!

லாலி குழுவினரின் இன்னொரு முடிவு என் மனதுக்கு நெருக்கமானது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஊருக்குப் போனீர்கள், காய்ச்சல் வந்தது, ஒரு பக்கம் காலியாகப் போனது என்றால் அடுத்த நாள் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் போதும். விட்டதைச் சேர்த்து வரைந்து கடன் தீர்க்கப் போனால்தான் அலுத்துப்போகும். காலைக் காபி முடிந்து டம்ளரைக் கழுவப் போடுவதற்கு முன், அல்லது புறநகர் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும், அல்லது பிள்ளை டியூஷன் முடிந்து வரும் வரை வாசலில் நிற்கும்போது என்று நிச்சயமாக நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்பதில் முடிச்சுப் போட இடமே இல்லை. நோட்டும் பையில் அடங்குகிற அளவாக இருக்கட்டும். விலை கூடிய தாள் வாங்கினால் கெடுத்துவிடுவோமோ என்று கை தயங்கும்.

படம் மோசமாக வந்தாலும் பலன் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லைக் கொடுத்து 40 வினாடி அதைத் திரும்பத் திரும்ப எழுதவோ, அதன் படத்தை வரையவோ சொன்னார்கள். வரைந்த சொற்கள் எழுதிய சொற்களைவிட மிகக் கூடுதலாக நினைவில் தங்கின. நான்கு வினாடியில் கிறுக்கியபோதும் பலன் இருந்தது. படம் அழகாக இருந்ததா என்பது பொருட்டாகவே இல்லை. மதுரையில் பிறந்து வளர்ந்த மனோகர் தேவதாஸின் பேனா ஓவியங்களைப் பார்க்கும்போது இந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும். வேதியியல் படித்து பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பார்வையின் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோய் அவருக்கு இருந்தது. அதோடு போராடிக்கொண்டே, தான் சிறுவனாகத் திரிந்த மதுரையை, கோபுரமும் கிணறும் தெருவுமாக, நூல் இழை போன்ற கோடுகளில் வரைந்து வைத்தார்.

டம்ளரும் செருப்பும் பூட்டும் கைப்பிடிக்குள் வந்தபின் ஆட்களை வரைய ஆசை வரும். ஆட்கள் அசைவார்கள் என்பதுதான் சிக்கல். இதற்கு வரைகிறவர்களிடையே நெடுநாளாக ஒரு வழி இருக்கிறது. ஒரே பக்கத்தில் நான்கைந்து உருவங்களை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். பேருந்து நிலையத்து பெஞ்சில் கன்னத்தில் கை வைத்திருந்த பெரியவர் கையை எடுத்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கத்தில் பையை மடியில் வைத்துத் தூங்கும் அம்மாளுக்குப் போய்விடுங்கள். காத்திருக்கும் மனிதர்கள் வெகுநேரம் புது நிலைக்குப் போவதில்லை. இரண்டு மூன்று நிலைகளுக்குள்ளேயே மாறி மாறி உட்காருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் பெரியவரின் கை பெரும்பாலும் கன்னத்துக்கே திரும்பி வரும். விட்ட இடத்திலிருந்து முழங்கையைத் தொடரலாம். முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் முதுகின் வளைவைப் பிடியுங்கள். பேருந்து வந்து எல்லோரும் எழுந்து ஓடினாலும் முதுகு கிடைத்திருந்தால் ஆள் கிடைத்த மாதிரிதான்.